பதிவு பெறாத நபர்

கடிதம் வந்தபோது அவர் பியூரெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மொத்தம் இருபத்துநாலு நீளக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு தடவை, அதன் பிறகு தாங்கியில் தலைகீழாக. இரண்டு கையும் நனைந்திருந்ததால் உறையை வாங்கவில்லை. "அங்க வச்சிட்டுப் போங்க" என்று தாடையால் மேசையைக் காட்டினார். கழுவி முடித்து, கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பிரிக்க அரைமணி நேரம் ஆகிவிட்டது. அந்த அரைமணி நேரமாவது நிம்மதியாக இருந்தோமே என்று பிறகு பலரிடம் சொன்னார்.

கல்வி ஒழுங்குமுறை அலுவலகத்தின் கடிதம். 'பதிவு பெறாத நபர் கற்பித்தல் தொடர்பாக' என்று பொருள் போட்டிருந்தது. சட்டத்தின் பதினேழாம் பிரிவின்படி, ஆசிரியராகப் பதிவு பெறாத எவரும் பள்ளியில் கற்பிக்கக் கூடாது. கற்பித்தது தெரியவந்தால் பணிநீக்கம் செய்யலாம்; எந்தப் பள்ளி வளாகத்திலும் எந்த வேலையும் பார்க்கக் கூடாதென்று தடை போடலாம். தங்கள் பேரில் இணையவழிப் புகார் ஒன்று வந்துள்ளது. பதினான்காம் தேதி காலை பத்தரை மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரவும்.

அந்த மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து அவருக்குப் பத்தொன்பது வருடம். மாணவர்கள் வைத்த பெயர் பிப்பெட் அண்ணன். மற்றவர்களுக்குச் சட்டைப்பையில் பேனா இருக்கும் இடத்தில் இவருக்குக் கரைசலை உறிஞ்சி அளக்கும் பிப்பெட் ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மனைவிக்குக் கோபம் வந்தால் "மிஸ்டர் பிப்பெட், கொஞ்சம் இங்க வர்றீங்களா" என்பாள்.

நடந்தது இதுதான். வேதியியல் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். போனவர், கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று அப்படியே ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. முதல் மூன்று வாரம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள். ஒருநாள் தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்று, "நீங்களாவது ஏதாவது செஞ்சு காட்டுங்களேன். சும்மா உக்காந்திருக்கிறத பாக்க வயித்தெரிச்சலா இருக்கு" என்றார். இவர் குடுவையில் நிறங்காட்டி சேர்த்து இளஞ்சிவப்பான காரக் கரைசலை எடுத்துக்கொண்டு, மேலே பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டினார். இளஞ்சிவப்பு சட்டென்று போய்விட்டது. முன்வரிசையில் ஒரு பெண், "அண்ணே, ஏன் போச்சு?" என்று கேட்டாள். இவர் சுண்ணக்கட்டியை எடுத்தார். ஏழு மாதம் ஆகிவிட்டது, இன்னும் கீழே வைக்கவில்லை.

*

மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாலு மணிக்கு அவள் முறை முடியும். அன்று இவர் நேராக அங்கேயே போய்விட்டார். உள்ளே நீராவியும் சோப்பு வாடையுமாக மூச்சு முட்டும். சுவரோரம் ஆள் உயரத்துக்கு உலர்த்தும் இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. நடுவில் நீள மேசை. அவளோடு சேர்ந்து மடிக்கும் பெண் அன்று வரவில்லை. கட்டில் விரிப்பு ஒருவர் மடிக்கிற நீளம் இல்லை.

"இந்தாங்க, வந்ததுதான் வந்தீங்க, அந்த முனையைப் பிடிங்க."

இவர் பிடித்தார். இழுத்து உதறி, பாதியாக மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். நாலாவது விரிப்பில் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். அவள் கை நின்றது.

"வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?"

"தூக்கலாம்னு போட்டிருக்கு. தூக்குவோம்னு போடல."

"இந்த 'லாம்' எல்லாம் எனக்குத் தெரியும். எங்க மேற்பார்வையாளரும் இப்படித்தான் பேசுவார்." விரிப்பை வேகமாக இழுத்தாள். இவர் ஒரு அடி முன்னால் தள்ளாடினார். "யாரு புகார் கொடுத்தது?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். அந்த மருந்துக்கடைக்காரர். அவர் பொண்ணுக்கு நீங்க செய்முறையில மார்க் குறைச்சுப் போட்டீங்கன்னு வந்து சத்தம் போட்டாரே."

"அவர் அப்புறம் வந்து மன்னிப்புக் கேட்டாரும்மா."

"கேப்பாரு. கேட்டுட்டுப் போய் எழுதியிருப்பாரு." அன்றோடு தெருமுனையில் இருந்த அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தலைவலி மாத்திரைக்கு இரண்டு பேருந்து நிறுத்தம் தாண்டி நடந்தாள். அந்த வாரம் அவளுக்குத் தலைவலி தினமும் வந்தது.

கடைசி விரிப்பை மடிக்கும்போது சொன்னாள்: "விசாரணையில கேட்டா, நான் சொல்லிக் கொடுக்கல, சாமான் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்னு சொல்லிடுங்க."

"பலகை பூரா என் கையெழுத்து இருக்கே."

"அழிச்சிடுங்க."

"நூத்திப்பத்துப் பிள்ளைங்க குறிப்பேட்டுல இருக்கே. அதையும் அழிக்கவா?"

மடித்த அடுக்கின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள், காற்று வெளியேறுகிற மாதிரி.

*

மனைவியின் தங்கையை எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு முப்பத்துநாலு வயது. நீதிமன்றத்துக்கு எதிரில் மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடையில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். எந்த அலுவலகத்தின் இணையதளத்தில் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. சனிக்கிழமை மத்தியானம் மழை. கடையில் வேறு ஆள் இல்லை. அக்காவும் மாமாவும் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"மாமா, இதுக்கு முன்னாடி இந்த பதினேழாம் பிரிவை நீங்க படிச்சிருக்கீங்களா?"

"பள்ளிக்கூட அலுவலகத்துல சிவப்பு அட்டை போட்ட புத்தகம் ஒண்ணு இருக்கு. நேத்து எடுத்துப் பாத்தேன். இதேதான் இருக்கு."

"அது எந்த வருஷத்துப் புத்தகம்?"

"நான் சேர்றதுக்கு முன்னாடி வாங்கினது."

"சரியாப் போச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சட்டத்தைப் பழைய புத்தகத்துல படிக்கக் கூடாது மாமா. காலாவதியான மாத்திரை மாதிரி அது. இங்க வாங்க, பாருங்க."

ஒழுங்குமுறை அலுவலகத்தின் தளம் மெதுவாகத் திறந்தது. இடது பக்கம் வரிசையாகத் தலைப்புகள்: சட்டம், விதிகள், திருத்தங்கள், சுற்றறிக்கைகள், ஆசிரியர் பதிவேட்டில் தேடுக, புகார் அளிக்க. பாப்பா சட்டத்தைத் திறந்தாள். கோணலாக ஒளிப்படம் எடுத்துப் போட்ட பக்கங்கள். ஒரு பக்கத்தில் யாருடைய கட்டைவிரலோ பாதி வரியை மறைத்துக்கொண்டிருந்தது.

"முதல்ல வரையறை. கற்பித்தல்னா என்னன்னு இவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்." விரலால் தொட்டுப் படித்தாள். "'கற்பித்தல் என்பது பாடத்திட்டத்திலுள்ள பொருளை மாணவருக்கு விளக்குதல், பயிற்றுதல், மதிப்பிடுதல் ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ குறிக்கும்.'"

"மூணும் செஞ்சிருக்கேன்" என்றார் அவர்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் மனைவி. "கேக்காமலே ஒப்புக்கிற ஆளை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது."

"இரு அக்கா. சட்டம் தலைப்பை மட்டும் சொல்லும். விதியிலதான் சங்கதி இருக்கும். விதியிலயும் இல்லன்னா திருத்தத்துல." விதிகள் அறுபது பக்கம். அதில் சொல் போட்டுத் தேட முடியாது, ஒளிப்படம் என்பதால் ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மூவரும் ஒரே திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். மழைச்சாரல் உள்ளே வராமல் இருக்க மனைவி ஒரு கையால் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டாள். பாப்பா பாதி குடித்து வைத்த தேநீர் ஆறிப்போனது. கழிப்பறை எத்தனை இருக்க வேண்டும், ஒரு வகுப்பறைக்கு எத்தனை சன்னல் என்றெல்லாம் விதி இருந்தது. ஆய்வக உதவியாளர் என்ற சொல் ஓரிடத்தில்தான் வந்தது, 'கண்ணாடிப் பொருள்களுக்குப் பொறுப்பாவார்' என்று.

"உடைஞ்ச கண்ணாடிக்கு மட்டும் நான் வேணும்" என்றார் அவர்.

அப்புறம் திருத்தங்கள். பதினொன்று இருந்தன. ஏழாவதில் பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கதவை விட்டுட்டு இங்க வா. மாமா, கேளுங்க. மூணு வருஷம் முன்னாடி போட்டது. விதி நாப்பத்தொண்ணு. 'ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ள காலத்தில், ஒரு கல்வியாண்டுக்கு மேற்படாமல், தலைமை ஆசிரியரின் எழுத்துமூல உத்தரவின் பேரில், பத்தாண்டுக்குக் குறையாத அனுபவமுள்ள ஆய்வகப் பணியாளர் செய்முறை வகுப்புகளையும் அவற்றுக்குத் தேவையான விளக்கங்களையும் நடத்தலாம். அவ்வாறு நடத்துவது பதினேழாம் பிரிவை மீறியதாகாது.'"

"இன்னொரு தடவை படி" என்றாள் மனைவி. பாப்பா படித்தாள். "இன்னொரு தடவை." பாப்பா மறுபடியும் படித்தாள்.

"இது இவங்களுக்குத் தெரியாதா? இவங்க போட்டதுதானே?"

"போட்டவர் வேற, கடிதம் எழுதினவர் வேற அக்கா. எல்லா ஆபீசும் அப்படித்தான்."

அவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "எழுத்துமூல உத்தரவுன்னு இருக்கே" என்றார். "ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வாசல்ல நின்னு வாயால சொன்னதுதான். எழுதிக் கொடுக்கல."

அச்சுப்பொறி ஈரத்தில் காகிதத்தைக் கவ்விக்கொண்டு இழுக்க மறுத்தது. பாப்பா அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, விதி நாற்பத்தொன்றை மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

*

தலைமை ஆசிரியைக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்தான். மேசைமேல் எப்போதும் ஒரு குப்பி வெந்நீரும் ஒரு டப்பா ரொட்டித்துண்டும் இருக்கும். திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே இவர் போய் நின்றார். அவருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. இவர் கொடுத்த தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"இப்படி ஒண்ணு வந்தது எனக்கே தெரியாதே" என்றார். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ரெண்டு வரி எழுதிக் கொடுத்திருப்பேன்."

"ஆமாங்கம்மா."

தலைமை ஆசிரியை ரொட்டி டப்பாவை ஓரமாக நகர்த்தினார். பிறகு இழுப்பறையிலிருந்து பள்ளியின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார். குரலைத் தாழ்த்தி, "போன வருஷத் தேதி போட்டு இப்ப எழுதிடட்டுமா? யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

வீட்டில் மனைவி இதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த அம்மாவிடம் பழைய தேதி போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று இரண்டு நாளாகச் சொன்னாள். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். இப்போது அந்த வெள்ளைத் தாளை மெல்லத் தலைமை ஆசிரியை பக்கமே தள்ளினார்.

"வேண்டாங்கம்மா. என்னால உங்களுக்கு ஒரு கெட்ட பேர் வரக்கூடாது. நாளைக்குத் திருப்பித் திருப்பிக் கேட்டாங்கன்னா எனக்குப் பொய் நிக்காது."

தலைமை ஆசிரியை பேனாவை மூடினார். கண் கலங்கியதா, வெந்நீர் ஆவி பட்டதா தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு நிமிர்ந்தவர் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்த வருடத்துக் கால அட்டவணை தொங்கியது. கதவு அகலத்துக்கு ஒரு தடித்த தாள். எல்லாப் பாடவேளைகளையும் அவரே கட்டம் போட்டு எழுதுவார்; கணினியில் அடித்தது அவருக்குப் பிடிக்காது.

"இங்க வாங்க. வேதியியல் கட்டத்துல நான் என்ன எழுதியிருக்கேன், படிங்க."

இவர் கிட்டப் போய்ப் படித்தார். "ஆய்வக உதவியாளர், செய்முறை மற்றும் விளக்கம்."

"யார் பேரை எழுதுறதுன்னு தெரியல. காலியா விட மனசு வரல. அதான் அப்படி எழுதினேன். கீழே பாருங்க."

கீழே ஜூன் மாதத் தேதி, அவர் கையெழுத்து, பள்ளி முத்திரை.

"இது எழுத்துதானே?" என்றார் தலைமை ஆசிரியை. நாற்காலியை இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, அட்டவணையில் குத்தியிருந்த ஊசிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். "நீங்க நாற்காலியைப் பிடிங்க. பதினாலாம் தேதி நானும் வரேன்."

*

அலுவலகம் மூன்றாவது மாடியில். பாப்பா மனுக்கட்டோடு வந்தாள். மனைவி விடுப்புப் போட்டுவிட்டு வந்து தாழ்வாரத்துப் பலகையில் உட்கார்ந்தாள். கடிதத்தில் அவள் பெயர் இல்லாததால் உள்ளே விடவில்லை. கால அட்டவணையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்த தலைமை ஆசிரியை, சிலம்பப் போட்டிக்குத் தடி எடுத்து வந்தவர் மாதிரி முன்னால் நடந்தார்.

விசாரணை அதிகாரிக்குக் கடும் சளி. கைக்குட்டையை மடித்து மடித்துப் பேசினார். நேராகவே கேட்டார். "நீங்க கற்பிச்சீங்களா?"

பாப்பா மேசைக்கு அடியில் மாமாவின் காலை மிதித்தாள்.

"ஆமாங்க ஐயா" என்றார் அவர். "முதல்ல செஞ்சு மட்டும் காட்டினேன். ஏன்னு கேட்டாங்க. சொன்னேன். தெரியாததை முந்தின நாள் சாயங்காலம் புத்தகத்தைப் பாத்துட்டு வந்து சொன்னேன்."

தலைமை ஆசிரியை எழுந்து அட்டவணையை மேசைமேல் விரித்தார். அதிகாரியின் வெந்நீர்க் குவளையை ஒரு மூலைக்கும் கோப்புக் கட்டை மறு மூலைக்கும் பாரமாக வைத்தார். கூடவே, ஆசிரியர் வேண்டுமென்று இதே அலுவலகத்துக்கு அவர் எழுதிய மூன்று கடிதங்களின் நகல். மூன்றிலும் 'பெறப்பட்டது' என்று அந்த அலுவலகத்தின் முத்திரை. பாப்பா விதி நாற்பத்தொன்றை நீட்டினாள்.

அதிகாரி எல்லாவற்றையும் படித்தார். முத்திரைகளைப் படிக்கும்போது முகம் சுருங்கியது. "மூணு தடவை எழுதியிருக்கீங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு தன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனா புகாரை உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "'வணக்கம். எங்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் இல்லை. ஆய்வக அண்ணன்தான் நடத்துகிறார். நன்றாகத்தான் நடத்துகிறார். உங்கள் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன், அவர் பெயர் இல்லை. அவர் கையெழுத்துப் போட்ட செய்முறைக் குறிப்பேடு தேர்வுக்குச் செல்லுமா? செல்லாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இதனால் அவருக்கு எந்தப் பிரச்சினையும் வரக் கூடாது. கேள்வி கேட்கத் தளத்தில் இடம் இல்லாததால் புகார்ப் பெட்டியில் எழுதுகிறேன்.'"

சன்னலுக்கு வெளியே ஒரு வண்டி பின்னால் எடுக்கும் ஓசை கேட்டது.

"இது கேள்விதானே?" என்றாள் பாப்பா.

"கேள்விதான்மா. அந்தப் பெட்டியில எது விழுந்தாலும் தானா புகார் எண் போட்டுக் கடிதம் போயிடும். கேள்விக்குன்னு தனியா ஒரு இடம் வைங்கன்னு நானும் நாலு வருஷமா எழுதுறேன். எனக்கும் முத்திரை குத்தித்தான் அனுப்புறாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி. விதி மீறல் இல்லைன்னு முடிக்கிறேன். குறிப்பேடு எல்லாத்துலயும் தலைமை ஆசிரியர் சரிபார்த்து மேலொப்பம் போட்டாச் செல்லும். நீங்க விரும்பினா செய்முறைப் பயிற்றுநராப் பதிவு பண்ணவும் வழி இருக்கு, அனுபவம் போதும். வேற ஏதாவது சொல்லணுமா?"

எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்கள். அவர் மட்டும் எழவில்லை.

"ஐயா, எனக்கு ஒரு ஆசிரியரை அனுப்புங்க" என்றார். "செய்முறை எனக்குக் கைவந்தது. ஆனா பாடம் அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிஞ்சு போகும்போது, இன்னைக்கு எதைத் தப்பாச் சொல்லித் தொலைச்சேனோன்னு பயம். கேக்க ஆள் இல்லை. நூத்திப்பத்துப் பிள்ளைங்க. நான் சொன்னதைத்தான் பரிட்சையில எழுதப் போகுதுங்க."

பன்னிரண்டு வருடம் மனு அடித்த பாப்பாவுக்கு இந்தப் பயம் தெரியாது. தலைமை ஆசிரியைக்கும் தெரியாது. வெளியே பலகையில் இருந்தவளுக்கும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அதிகாரி முத்திரை குத்தின மூன்று கடிதங்களையும் இன்னொரு தடவை பார்த்தார். தொலைபேசியை எடுத்தார். இரண்டு பேரிடம் பேசினார், இரண்டாமவரிடம் கொஞ்சம் சத்தமாக. வைத்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரத்துக்கு மூணு நாள் ஒருத்தர் வருவாங்க. வர்ற திங்கக்கிழமையிலிருந்து. உத்தரவை இப்பவே அடிச்சுத் தரச் சொல்றேன்."

"முத்திரையோட ஒரு பிரதி எங்களுக்கு வேணும்" என்றாள் பாப்பா.

வெளியே வந்ததும் மனைவி எழுந்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது. அவள் மறுபடி பலகையில் உட்கார்ந்தாள்.

"போச்சா?"

"போகல அக்கா. எல்லாம் முடிஞ்சிடுச்சு. விதி மீறல் இல்லைன்னுட்டாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்ணு சந்தேகம் கேட்டு எழுதினதாம், அவ்வளவுதான்."

"அப்ப இந்த மனுஷன் எதுக்கு அழறாரு?"

"ஆசிரியர் வர்றாங்களாம்" என்றார் அவர். அதைச் சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. அவள் கைப்பையால் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு அதே கைப்பையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். படியில் இறங்கும்போது திடீரென்று நின்று, "ஐயையோ, மருந்துக்கடைக்காரர்" என்றாள். "போன வாரம் எதிர்ல வந்தப்ப வணக்கம் சொன்னார். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."

"இருமல் மருந்து வாங்கு" என்றார் அவர். "பாவம், அந்த அதிகாரிக்கு அனுப்பி வைக்கலாம்."

எழுதினது யாரென்று பிள்ளைகளிடம் அவர் கேட்கவில்லை. 'இப்போதே சொல்லிவிடுங்கள்' என்று முன்வரிசையில் யார் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் குறிப்பேடுகளைக் கட்டித் தலைமை ஆசிரியை அறைக்குக் கொண்டுபோகும்போது, "எல்லாம் செல்லும், பயப்படாதீங்க" என்று வகுப்புக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

*

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மனைவி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"வந்தாங்களா?"

"வந்தாங்க. சின்ன வயசுதான். குரல் கடைசி வரிசை வரைக்கும் கேக்குது. நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்து முழுசாக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இதுவரைக்கும் படிச்சது எல்லாத்தையும் ஒரு சுத்துக் கேட்டாங்க. பிள்ளைங்க பட்டுப்பட்டுன்னு சொல்லிச்சுங்க. நல்லாத்தான் இருந்துச்சு." விரல்களை நெட்டி முறித்தார். "ரெண்டு தப்பு மாட்டிச்சு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன தப்பு?"

"சமநிலை வந்துட்டா வினை நின்னுடும்னு சொல்லியிருந்தேன். நிக்காதாம். ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல நடந்துக்கிட்டே இருக்குமாம், நமக்குத்தான் நின்ன மாதிரி தெரியுமாம். அப்புறம் வினையூக்கி எதுலயும் கலந்துக்காதுன்னு சொன்னேன். கலந்துக்குமாம். கடைசியில திரும்ப வந்துடுமாம்."

"ஏழு மாசத்துக்கு ரெண்டே தப்பா?"

"இன்னைக்கு மாட்டினது ரெண்டு. புதன்கிழமை மறுபடி வர்றாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப என்ன பண்ணீங்க?"

"எந்திரிச்சு நின்னேன். அது நான் சொல்லிக் கொடுத்ததுங்கம்மா, பிள்ளைங்க மேல தப்பில்லைன்னு சொன்னேன். எல்லாரும் அதை அடிச்சிட்டு இதை எழுதுங்கன்னு சொன்னேன். எழுதிக்கிச்சுங்க."

"பாப்பா ஃபோன் பண்ணினா. பயிற்றுநர் பதிவுக்கு விண்ணப்பம் எப்ப போடலாம்னு கேக்கிறா."

"அடுத்த வருஷம் போடலாம்னு சொல்லு. இந்த வருஷம் பின்பெஞ்சுல உக்காந்துக்கிறேன்." அவர் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார். பல மாதத்துக்குப் பிறகு அன்று சாயங்காலம் நாளைய பாடத்துக்கென்று புத்தகம் எதையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் மறுபடி கத்தியை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.

"பிள்ளைங்க அடிச்சுத் திருத்தி எழுதிச்சுங்க, சரி. நீங்களும் எழுதிக்கிட்டீங்களா?"

"பின்ன?" என்றார் அவர். "முதல் ஆளா."